எல்லோரும் பார்க்கட்டும்!



பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு நிறமாலைமானிகள் வாங்க ஏற்பாடாயிற்று. விதிப்படி மூன்று கம்பெனிகளிடமிருந்து கொட்டேஷன் பெற வேண்டும். மூன்றும் வந்தன. லெட்டர்பேடுகள் வேறு, கையெழுத்துகள் வேறு, விலைகளும் வேறு. ஆனால் 'ஸ்பெக்ட்ராமீட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் மூன்றிலுமே ஒரே எழுத்து விட்டுப் போயிருந்தது!

மூன்றையும் டைப் அடித்தவர் ஒருவரே என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையா? நான் அப்போது வேலைக்குப் புதியவன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மூன்று வேண்டும் என்பது விதி. மூன்று இருக்கிறதல்லவா?" என்று பதில் வந்தது. ஃபைலை நாடாவால் கட்டி பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சம்பவம் இன்றும் என்னை உறுத்துகிறது. அங்கே விதி இல்லாமல் இல்லை. விதி பின்பற்றப்பட்டதா என்று வெளியிலிருந்து பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. ஒரு சின்னக் கல்லூரியிலேயே இப்படி என்றால், சாலை, பாலம், மருந்து, பாடநூல் என்று ஓர் அரசாங்கம் வாங்குபவற்றில் என்னவெல்லாம் நடக்கக்கூடும்! அந்த பீரோவையே கண்ணாடியால் செய்துவிட்டால் என்ன? உக்ரைன் நாடு அப்படிச் செய்து பார்த்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பீரோ கண்ணாடியானது

2014 பிப்ரவரியில், மாதக்கணக்கில் நடந்த மக்கள் கிளர்ச்சிக்குப் பிறகு உக்ரைனின் ஜனாதிபதி விக்டர் யானுகோவிச் நாட்டை விட்டு ஓடினார். மக்களின் கோபத்துக்கு ஊழல் ஒரு முக்கியக் காரணம். கிளர்ச்சி முடிந்தது, ஆனால் அரசாங்கக் கொள்முதல் அதே பழைய காகித ஃபைல்களில்தான் நடந்துவந்தது. அப்போது கணிப்பொறி வல்லுநர்கள், வியாபாரிகள், சமூகத் தொண்டர்கள் எனச் சிலர் தாமாகவே ஒன்று கூடி, டெண்டர்களை இணையத்தில் நடத்தும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அதன் பெயர் புரொசோர்ரோ. உக்ரைன் மொழியில் 'புரொசோரோ' என்றால் ஒளிவுமறைவின்றி என்று பொருள். 2015 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கியது. 2016 ஆகஸ்ட் முதல் அரசு நிறுவனங்கள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று.

இது எப்படி வேலை செய்கிறது? எடுத்துக்காட்டாக, ஓர் அரசு மருத்துவமனை கட்டில்கள் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வியாபாரிகள் முதலில் தத்தம் விலையை ரகசியமாகப் பதிவு செய்கிறார்கள்: 100, 96, 92. பிறகு ஏலம் தொடங்குகிறது. நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். மொத்தம் மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் அதிக விலை சொன்னவர் முதலில் பேச வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்குக் கடைசி வாய்ப்பு. ஏலத்தை யாரும் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஏலம் முடியும் வரை யார் எந்த விலை சொன்னார் என்ற பெயர் மட்டும் தெரியாது. தெரிந்தால் ஒருவருக்கொருவர் டெலிபோனில் பேசி விலையை முடிவு செய்துகொள்ளலாம் அல்லவா?

ஏலம் முடிந்ததும் திரை விலகுகிறது. வென்றவர், தோற்றவர், அவரவர் கொடுத்த தாள்கள் எல்லாம் வெளியே வருகின்றன. மிகக் குறைந்த விலை சொன்னவரை நிராகரித்தால், எந்தக் காரணத்துக்காக என்பதும் வெளியாகிறது. கடைசியில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தையும் படிக்கலாம். 'எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்' என்பதே இந்த ஏற்பாட்டின் முழக்கம்.

ஓர் அளவு போதாது

இதில் ஓர் இயற்பியல் ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஏலம் அன்று. விவரங்கள் அனைத்தும் கணிப்பொறி படிக்கும் வடிவில் ஒரே இடத்தில் சேர்வதுதான்.

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை நாம் ஒருமுறை மட்டும் அளந்து விடுவதில்லை. பலமுறை அளக்கிறோம். ஒன்பது அளவுகள் 2 விநாடியை ஒட்டியும் ஒன்று மட்டும் 3 விநாடியாகவும் வந்தால், அந்தப் பத்தாவது அளவைச் சந்தேகிக்கிறோம். தனியாக அந்த 3 விநாடி மட்டும் கிடைத்திருந்தால் நமக்குச் சந்தேகமே வந்திராது. விலையும் அப்படித்தான். ஒரு மருத்துவமனை கொடுத்த விலை அதிகமா என்பதை அந்த ஒரு ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நூறு மருத்துவமனைகள் கொடுத்த விலையைப் பக்கத்தில் வைத்தால், ஒரு பள்ளி மாணவன்கூடச் சொல்லிவிடுவான்.

ஆனால், கணிப்பொறி வந்துவிட்டது, ஊழல் ஒழிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அம்மீட்டர் மின்சுற்றைப் பழுது பார்ப்பதில்லை. பழுது இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. ஒரு பெரிய கொள்முதலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, டெண்டர் கட்டாயமாகும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்வது பழைய தந்திரம். தமக்கு வேண்டியவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருளின் நீளம், அகலம், நிறத்தை அப்படியே நிபந்தனையாக எழுதிவிடுவது மற்றொன்று. இவற்றைக் கணிப்பொறி தானாகத் தடுக்காது. அதனால்தான் 2016-இன் இறுதியில், சந்தேகத்துக்குரிய டெண்டர்களைப் பொதுமக்களே சுட்டிக்காட்ட 'தொசோர்ரோ' என்ற கண்காணிப்புத் தளத்தை உக்ரைன் தொண்டர்கள் ஏற்படுத்தினார்கள். கண்ணாடி பீரோ இருந்து என்ன பயன், அதை உற்றுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால்?

ஒரு முட்டையின் விலை

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. போர்க்காலத்தில் உக்ரைன் ராணுவத்தின் கொள்முதல்கள் மீண்டும் திரைக்குப் பின்னால் போயின. 2023 ஜனவரியில், யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர் படைவீரர்களின் உணவு ஒப்பந்தம் ஒன்றின் விவரங்களை வெளியிட்டார். அதில் ஒரு முட்டையின் விலை 17 ஹிரிவ்னியா. தலைநகர் கீவின் கடைகளிலோ அப்போது ஏறத்தாழ 7 ஹிரிவ்னியாதான்!

தொழில்நுட்பத் தவறு என்று பாதுகாப்பு அமைச்சர் விளக்கம் சொன்னார். ஆனால் நாடு அதை எளிதில் ஏற்கவில்லை. சில நாள்களுக்குள் துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அடுத்த மாதமே, ரகசியமல்லாத ராணுவக் கொள்முதல்களின் விலைகளை வெளியிட வகை செய்யும் சட்டத்தை உக்ரைன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

"போர் நடக்கும்போது எல்லாவற்றையும் வெளியிட்டால் எதிரிக்கு உதவியாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தப் படை எங்கே நிற்கிறது, எத்தனை பேர் என்பவை ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு முட்டையின் விலையால் எதிரிக்கு என்ன லாபம்? அதை மறைப்பதால் நட்டமடைவது, பனியில் நின்று அந்த முட்டையைச் சாப்பிட வேண்டிய வீரர்தான். என் கருத்து இதுதான்: பொதுப் பணத்தைச் செலவிடும்போது வெளிப்படையாக இருப்பதே வழக்கம் என்றும், ரகசியமே விலக்கு என்றும் கொள்ள வேண்டும். எதையேனும் மறைக்க விரும்புகிறவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். பார்க்க விரும்புகிறவர் அல்லர்.

இதை ஏன் மாணவர்களாகிய உங்களிடம் சொல்கிறேன்? முட்டையின் விலையை அறிய நிபுணராக வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், சராசரி, ஒரு வரைபடம் - இவை போதும். இவை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலும் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கென 1998-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. டெண்டர் அறிவிப்புகளை இணையத்திலும் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் மிதிவண்டி, கையிலிருக்கும் பாடநூல் - இவற்றுக்குப் பின்னாலும் கொள்முதல்கள் உண்டு. ஒரு நாள் ஆசிரியரின் துணையோடு ஓர் அறிவிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் புரியாது. பரவாயில்லை, மெல்ல மெல்லப் புரியும்.

அன்று அந்த ஒரே எழுத்துப் பிழையைக் கண்ட நான், பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பீரோ பூட்டியிருந்தது என்பது ஒரு சமாதானம்தான். உங்கள் காலத்தில் அந்தச் சமாதானமும் இருக்காது. பார்க்க வழி திறந்திருக்கும்போது பார்க்காமல் இருப்பது நம் குற்றமாகவே ஆகும்.