கேட்டில் நிற்பவன் காண்ட்ராக்டரா?

“காண்ட்ராக்டாக இருக்கிறாயா, கம்பெனி ஆளாக இருக்கிறாயா? உன் இஷ்டம்!”

பிவண்டி கிடங்குகளிலும் அம்பர்நாத் பட்டறைகளிலும் கேட் காக்கும் நம்மவர் சிலரிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்கும்போது முகத்தில் சிரிப்பு, மேஜையில் தேநீர், பக்கத்தில் முத்திரைத்தாள். இத்தனை வருடமாக “ஏய் வாட்ச்மேன்” என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாத வாய், திடீரென்று நம் இஷ்டத்தைக் கேட்கிறது என்றால் அதில் யாருடைய ஆதாயம் இருக்கிறது தோழர்களே?

தாளில் இருப்பது இதுதான்: நான் சொந்தமாகக் காவல் தொழில் நடத்துகிறேன், மாதம் இவ்வளவு என்று பில் கொடுத்து வாங்கிக்கொள்வேன், கம்பெனிக்கும் எனக்கும் முதலாளி - தொழிலாளி உறவு கிடையாது. இதை ஆங்கிலத்தில் எழுதி நீட்டுகிறார்கள். பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் கையில் வரும் என்ற ஒரு வரி மட்டும் நல்ல தமிழில் சொல்லப்படுகிறது. அதைச் சொல்ல நம் ஊர் மேஸ்திரி ஒருவரையே பிடித்து வைத்திருக்கிறார்கள்!

காண்ட்ராக்டர் என்றால் யார்? தன் ஆளை வைத்து, தன் சாமானைக் கொண்டு, தன் விலையைத் தானே சொல்லி வேலையை முடித்துக் கொடுப்பவன். கேட்டில் நிற்கும் நம் தம்பிக்கு எது சொந்தம்? சீருடை கம்பெனியுடையது. விசிலும் டார்ச்சும் கம்பெனியுடையவை. எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த லாரியை விடவேண்டும், யார் பையைச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் மேனேஜர் வாய்மொழி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, திருநெல்வேலி போய்வர நாலு நாள் லீவு வேண்டும் என்று கைகட்டி நிற்கிறான். லீவுக்குக் கைகட்டி நிற்கும் காண்ட்ராக்டரை எந்த நாட்டில் கண்டீர்கள்?

கணக்கைப் பார்ப்போம். ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கும் எங்களுக்குத் தெரிந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. ஆனால் நம் ஆள் நிற்பது 12 மணி நேரம். மீதி 4 மணிக்குச் சட்டப்படி ஓவர்டைம் இரட்டை விகிதம், மணிக்கு 150. அதுவும் 600. ஆக ஒரு நாளுக்கு 1,200, 26 நாளுக்கு 31,200 ரூபாய். “பிடித்தமே இல்லை” என்று ஆசை காட்டி அவனுக்குத் தருவது மாதம் 20,000. அவன் ‘தொழிலதிபர்’ ஆயிற்றே, அவனுக்கு ஏது ஓவர்டைம்!

இன்னும் இருக்கிறது. பிராவிடண்ட் ஃபண்டில் நாம் போடும் அளவு முதலாளியும் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு நம்மிடம் நூற்றுக்கு 75 காசு பிடித்தால், அவர் 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டி. ஒரு கையெழுத்தில் இத்தனையும் போகிறது. பிடித்தம் இல்லை என்பது உண்மைதான். பிடிப்பது நம்மிடம் அல்ல, முதலாளியிடம்தான் இல்லாமல் போகிறது.

ஆனாலும் ஒரு தம்பி எங்களிடம் சொன்னான்: “அண்ணாச்சி, பி.எஃப். அறுபது வயசுக்கு. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் இந்த ஜூனுக்கு.” இதற்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன்மீது எங்களுக்குக் கோபமும் இல்லை. அந்த ஜூன் மாத அவசரம் மேனேஜருக்கும் தெரியும். தெரிந்துதான் தாளை நீட்டுகிறார்.

அதே போலக் கையெழுத்துப் போட்ட இன்னொருவர். கிடங்கு வாசலில் இரவு ரிவர்ஸ் எடுத்த லாரி அவர் காலை நசுக்கியது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தால் மருத்துவச் செலவும், படுத்திருந்த நாளுக்குப் பணமும் கிடைத்திருக்கும். செத்தே போயிருந்தாலும் மனைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை வந்திருக்கும். கிடங்குக்காரர் எடுத்துக் காட்டியது முத்திரைத்தாளை: “இவர் எங்கள் ஆள் அல்ல, தனி காண்ட்ராக்டர்.” அந்த அம்மாள் தாலிச் சங்கிலியை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில் கட்டினார்.

சட்டம் நம் பக்கம் இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் கொஞ்சம் இருந்தது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1976 டிசம்பர் 9ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தன் பொறுப்பில் வரும் நிறுவனங்களின் கட்டிடங்களைக் கூட்டவும் காவல் காக்கவும் ஒப்பந்த ஆள் கூடாது என்றது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் ஒழிந்தால் அந்தத் தொழிலாளி நேரடி ஊழியராவார் என்றது. 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் இரண்டையும் கவிழ்த்தது.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ, காவலே தொழிலாகக் கொண்ட நிறுவனம் தவிர மற்ற இடங்களில் காவல் ‘முக்கிய வேலை’ அல்ல, ஒப்பந்தத்தில் விடலாம் என்கிறது. கேட் முக்கியம் இல்லையாம்! லெவல் கிராசிங் கேட்மேன் ஒரு ராத்திரி கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களான எங்களுக்குத் தெரியும். இதை எழுதிய கை ஒரு ராத்திரியாவது கேட்டில் நின்றிருக்குமா?

ஆனால் கவனியுங்கள். காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைக்கலாம் என்கிறதே தவிர, ஆளையே காண்ட்ராக்டர் ஆக்கலாம் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏஜென்சி மூலம் சேர்ந்தவருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு, ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் கொடுக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. மகாராஷ்டிரத்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாதுகாவலர் போர்டு இருக்கிறது. அதில் பதிந்தவருக்குச் சம்பளம் போர்டு வழியாக வரும். 2001 தீர்ப்புகூட ஒரு கதவைத் திறந்தே வைத்தது: ஒப்பந்தம் வெறும் நாடகம் என்று தொழில் நீதிமன்றத்தில் நிரூபித்தால், அந்த ஆள் கம்பெனி ஆளே.

நிரூபிப்பது எதைக்கொண்டு? வீட்டிலிருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்கு. டூட்டி நேரம் எழுதிய தாளை அடுப்புப் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். மேனேஜர் போனில் அனுப்பும் உத்தரவுகளை அழிக்க விடாதீர்கள். கேட் பாஸ், சீருடையுடன் எடுத்த படம், பேங்க் புத்தகம் எல்லாம் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கால் நசுங்கியவர் வீட்டில் அப்படி ஒரு நோட்டு அகப்பட்டது. இரண்டு வருடமாக அவர் வரவு எழுதிய நோட்டு. வாரத்துக்கு ஒரு முறை மேனேஜரின் சுருக்கெழுத்து அதில் இருக்கிறது. அதை வைத்துத்தான் இப்போது வழக்குப் போட்டிருக்கிறோம்.

இந்த மாதம் யாரிடமாவது முத்திரைத்தாள் நீட்டப்பட்டால், “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடாமல் ஞாயிறு காலை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் வரலாம்.