டிராக்டருக்குப் பூட்டு... டிரெய்லருக்கு?

டிராக்டரை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம். டிரெய்லரை மட்டும் களத்து மேட்டிலோ, புளிய மரத்தடியிலோ கழற்றிவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த லோடு வரும்வரை அங்கேயே கிடக்கும். 'இவ்வளவு பெரிய இரும்பை யார் தூக்கிக்கொண்டு போவான்?' என்ற தைரியம்தான். தூக்கவே வேண்டாம், வேறொரு டிராக்டரைக் கொண்டுவந்து, கொக்கியில் பின்னைச் செருகினால் போதும். ராத்திரியில் டிரெய்லரோடு போகும் டிராக்டரை ஊரில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கரும்பு ஏற்றப் போகிறது என்றுதான் நினைப்போம்.

திருடனுக்கு வழி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைச் சட்டத்தின் வளையம்தான். அதை அடைத்துவிடுங்கள். வளையத்தின் துளை நிறையும் அளவுக்குத் தடித்த, தலை வைத்த இரும்பு போல்ட் ஒன்றைப் பட்டறையில் செய்து வாங்கி, கீழ்முனையில் துளையிட்டுப் பூட்டுப் போட்டால், பின் உள்ளே இறங்காது. நிறுத்தும்போது அந்த முனை சுவரையோ மரத்தையோ ஒட்டி இருக்கட்டும். மாதக்கணக்கில் வேலையில்லை என்றால் ஒரு சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைப்பதை விடச் சிறந்த பூட்டு கிடையாது. டயருக்கும் நல்லது.

டிராக்டர் மட்டும் பத்திரமா என்ன? பழைய வண்டிகளில் ஒருவர் சாவி இன்னொருவர் வண்டிக்குப் பொருந்துவது உங்களுக்கே தெரியும். கண்ணில் படாத இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டைவிட எனக்குக் கவலை தருவது காகிதம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும் என்பது சட்டம். பட்டறையில் செய்து வாங்கி, பதிவே செய்யாமல் ஓட்டுபவர்கள் நம்மில் ஏராளம். திருடு போனால், 'இது என் டிரெய்லர்' என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்? டிராக்டருக்கு எடுத்த காப்பீடு டிரெய்லரையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பியும் இருக்காதீர்கள். பாலிசியில் டிரெய்லர் தனியாகக் குறிக்கப்பட்டு, அதற்குப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

காணவில்லை என்றால் சொந்தக்காரர்களை அனுப்பி நாலு நாள் தேடிவிட்டுப் போலீசுக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். இதில் தேதிதான் உயிர். திருடு போன டிராக்டர் ஒன்றின் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அந்த விவசாயி நிறுவனத்துக்குத் தெரிவிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, எஃப்.ஐ.ஆர். மட்டும் அன்றைக்கே போட்டிருந்தார். அதற்காக நீங்களும் தாமதிக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுதிக் கொடுங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரப் பராமரிப்பு முகாமில் ஆயில் மாற்றச் சொல்லித் தருகிறீர்கள். அதே முகாமுக்கு ஒரு வெல்டரை அழைத்து, டிரெய்லரின் அடிச்சட்டத்தில் இரண்டு இடங்களில் பதிவு எண்ணைப் பொறித்துத் தரச் செய்தால் என்ன? பெயின்டில் எழுதியதை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம். அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்த எண்ணைத் தேய்த்து எடுத்தாலும் தடம் நிற்கும்.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். பாதி விலைக்கு வருகிறது, ஆர்.சி. 'அப்புறம் தருகிறேன்' என்றால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினாலும், அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலும் வழக்கு உங்கள் மேலும் பாயும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.