அட்டையும் அப்பியாசமும்

அமெரிக்காவில், மருத்துவருக்குத் துணையாகச் சிகிச்சையளிக்கும் ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் ஒரு மாணவி சென்ற வாரம் என்னிடம் நின்ற இருதயத்துக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். கற்றதற்கான தன் சான்று அட்டையைக் காட்டி, இதை முதலில் வாங்கிவிட்டால் ஒரு பெரிய கவலை தீர்ந்தது என்று அவளுடைய ஆலோசகர் சொன்னதாகச் சந்தோஷத்தோடு தெரிவித்தாள். நெஞ்சை எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும், நிமிஷத்துக்கு எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று நான் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அட்டை காலாவதியாக இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. குற்றம் அவளுடையதன்று, அட்டை இருந்தால் வித்தையும் இருக்கிறது என்று அவளையும், அவள் வயதுள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் நம்பவைத்த பெரியவர்களுடையது.

அந்த நாட்டில் ஒவ்வொரு வருஷமும் 3,50,000-க்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியே, பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே, திடீரென்று இருதயம் நின்றுபோகிறது. அவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவே. கை வைக்க ஆளில்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. அந்த நிமிஷத்தில் வேண்டியது, மார்பின் நடுவே இரு கைகளையும் பதித்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் நெஞ்சு முழுமையாக மேலெழ இடங்கொடுத்து, சோர்வுக்கும் அச்சத்துக்கும் ஆட்படாமல் தொடர்ந்து அழுத்தும் உடற்பழக்கம். பழக்கம் தேகத்தில் இருப்பது. அட்டையோ கோப்பில் இருக்கிறது.

சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கௌன்டியைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்தே அங்கே அவசர அழைப்பை ஏற்கும் ஊழியர், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை காத்திராமல், தொலைபேசியிலேயே, எங்கே கை வைப்பது, எப்படி அழுத்துவது என்று எதிர்முனையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்து, கூடவே எண்ணிக்கொண்டும் வருகிறார். சமையலறைத் தரையில் சாய்ந்து கிடக்கும் கணவனருகே மண்டியிட்டு, காதில் விழும் அந்தக் குரலுக்கேற்ப அழுத்துகிற மனைவியிடம் எந்த அட்டையும் இல்லை. அட்டை இல்லாதவரையும் நம்பி இவ்வாறு வழிநடத்திய அந்தப் பிரதேசமே, இருதயம் நின்றவர்கள் மிகுதியாகப் பிழைக்கும் இடங்களில் ஒன்றாக அத்தேசத்தில் பெயர் பெற்றிருக்கிறது. இதற்குப் பிறகும் அட்டைதான் பிராணனைக் காக்கிறது என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

நெஞ்சை அழுத்தும் இந்த முறை பிறந்த கதையும் அதையேதான் சொல்கிறது. 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மார்பைத் திறக்காமலே இருதயத்தை இயக்கலாம் என்று உலகுக்கு அறிவித்த மூவரில் கௌவென்ஹோவன் என்பவர் மருத்துவரே அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் தொழிலோ, 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பணியாற்றிய நால்வரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. அவர்கள் கொண்டுவந்தது காயத்தையும் ரத்தத்தையும் தொட்டுப் பழகிய கை. அத்தகைய மூலத்திலிருந்து கிளைத்த தொழில், இன்று தன் வாசலில் நின்று அட்டையின் நகலைக் கேட்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இரண்டு வருஷம் செல்லும் என்று அட்டை சொல்கிறது. பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளாகவே திறமை தளர்ந்துவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சான்று வழங்கும் அமெரிக்க இருதயச் சங்கமே அதை ஏற்று, மருத்துவமனை ஊழியர் மூன்று மாதத்துக்கொருமுறை பொம்மையில் பயிலும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அரங்கேற்றத்தோடு சாதகத்தை நிறுத்திவிட்ட பாடகனின் குரல் இரண்டு வருஷம் கழித்து எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முறையான வகுப்பின் கதியே இதுவானால், பொம்மையைத் தொடாமலே, திரையில் சில கேள்விகளுக்கு விடையளித்தவுடன் பணம் வாங்கிக்கொண்டு சான்றை அனுப்பிவைக்கும் வியாபாரிகளைப் பற்றி என்ன சொல்வது? அது மோசடி, அதை மோசடி என்றே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

பணம் என்றவுடன் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் படிப்பைத் தரும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி விண்ணப்பக் கட்டணம். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் நோயாளிகளிடையே உழைத்த அனுபவம். அந்த உழைப்புக்குச் சொற்ப ஊதியம். வசதியற்ற வீட்டுப் பிள்ளை, அட்டைக்கென்றும் அதைப் புதுப்பிக்கவென்றும் மறுபடி மறுபடி செலவழிக்க நிர்ப்பந்திக்கப்படுகிறது. பயிற்சிக்கு வைக்கும் பொம்மைகளோ பெரும்பாலும் ஆணின் மார்பைக் கொண்டவை. பொது இடத்தில் விழும் ஆண்களில் 45 சதவீதத்தினருக்கு அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, பெண்களில் 39 சதவீதத்தினருக்கே அது கிட்டியது என்று ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பெண்ணின் மார்பில் கை வைக்கத் தயங்குகிற அந்தக் கூச்சத்தைப் போக்காத வகுப்பும் அதே அட்டையைத்தான் கொடுத்தனுப்புகிறது. கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க மரபினரும் விழும்போதும் உதவிக் கரங்கள் குறைந்தே நீளுகின்றன. கிங் கௌன்டியின் தொலைபேசிக்காரர் எதிர்முனையில் இருப்பவருடைய நிறத்தையோ வரும்படியையோ விசாரிப்பதில்லை. கையை வை, அழுத்து என்கிறார்.

பள்ளிகளுக்கு உண்மையில் சிரத்தை இருந்தால் வழி சுலபமானது. நேர்முகத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு பொம்மையை வைத்து இரண்டு நிமிஷம் அழுத்தச் சொல்லட்டும். ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பொம்மைகள் இன்று கிடைக்கின்றன. தவறுகிறவர்களை வெளியே அனுப்பாமல் அங்கேயே கற்றுக்கொடுக்கட்டும். படிப்பில் சேர்ந்தபின் மூன்று மாதத்துக்கொருமுறை, பள்ளியின் செலவிலேயே, பெண் பொம்மையும் ஆண் பொம்மையும் வைத்துப் பயிற்றட்டும். விண்ணப்பத்தோடு அட்டையின் நகலைக் கேட்கும் அந்த ஒரு வரியை நாளைக்கே நீக்கிவிடலாம்.