பேர் இல்லாதவர்களே, பிரட்டுக்களத்துக்கு வாருங்கள்!



மழை விட்டுவிட்டது. மலை இன்னும் அடங்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மண்ணுக்குள் போனவர்களில் எத்தனையோ பேர் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வாழ்ந்த சனங்கள். வெடித்த சுவருக்குள்ளேயே இன்று இரவும் படுக்கப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

எங்கள் லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டடி. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, தங்கச்சி, நான். இரவானால் அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் சுவர். நான் இஸ்தோப்பில் படுப்பேன். சாரல் அடித்தால் அடுப்படிக்குப் போவேன். கொழும்பில் கடை வேலைக்குப் போனபோது கடை மாடியில் பதினொரு பேர் பாய் விரித்தோம். வேலை போன அன்றே படுக்க இருந்த இடமும் போய்விட்டது. திரும்பி வந்து, லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொள்ளத் தோட்டத்து ஆபிசில் கேட்டேன்.

“ஒனக்குத் தோட்டத்துல பேர் இருக்கா?”

இதே கேள்வியை உங்களிடமும் கேட்டிருப்பார்கள். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால்தான் காம்பரா. கொழுந்தெடுக்கும் கைக்குத்தான் கூரை. படித்துவிட்டுக் கடையிலோ கார்மென்டிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கும் நமக்கு, பிறந்த லயத்திலேயே பேர் இல்லை. நேர்முகத் தேர்வுக் கடிதம்கூடத் தோட்டத்து ஆபிசைச் சுற்றித்தான் நம் கைக்கு வருகிறது.

ஆனால் இந்தக் காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அவர்களிடம் இருப்பது குத்தகை. நிலம் இன்றைக்கும் அரசுடையது. 1948இல் நம் பாட்டன் பூட்டன்மாரின் குடியுரிமையைப் பறித்த அதே அரசுதான் இன்று நமக்கு அடையாள அட்டை தந்து வாக்குக் கேட்கிறது. அந்த அரசிடம் ஒரு துண்டு நிலம் கேட்க நமக்கு எந்தத் துரையின் அனுமதியும் வேண்டியதில்லை.

நம் ஊருக்குப் பக்கத்து டெவன் தோட்டத்தை மறக்காதீர்கள். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணி 7,000 ஏக்கர் கைமாறப் போகிறது என்றதும் 1977 மே 11இல் எதிர்த்து நின்று, பொலிஸ் சூட்டில் விழுந்தவர் சிவனு லெட்சுமணன். அவரும் நம்மைப் போல ஓர் இளைஞர்தான்.

பொறுத்திருங்கள் என்பார்கள். மீரியபெத்தைத் தோட்டமும் பொறுத்துத்தான் இருந்தது. அந்த மலை இறங்கும் என்று வருடக்கணக்கில் எச்சரிக்கை இருந்தும், போக மாற்றிடம் கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணோடு போயின. தப்பியவர்கள் புது வீட்டுக்குப் போகச் சுமார் 2 வருடம் ஆனது. நோர்வூட் மைதானத்தில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் அறிவித்தபோது கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இன்று கலியாணம் கட்டி, அதே காம்பராவில் இன்னொரு சேலையைக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது வீடு தேவைப்படுவோரின் பட்டியல் எழுத வருகிறார்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று எழுதிவிட்டுப் போனால், நாம் இன்னும் ஒரு தலைமுறைக்கு இல்லாதவர்கள். ஆகவே நம் பட்டியலை நாமே எழுதுவோம். வரும் ஞாயிறு காலை அவரவர் பிரிவுப் பிரட்டுக்களத்தில் கூடுங்கள். வேலைக்குப் பேர் கூப்பிட்ட அதே இடத்தில், தனி இடமில்லாத ஒவ்வொரு இளைஞரின், யுவதியின் பேரையும் எழுதுங்கள். கைக்குழந்தைக்காரிகளையும் தனியாக வாழும் பெண்களையும் முதலில் எழுதுங்கள். வெடித்த சுவரைப் படமெடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்தால் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பான கட்டடம் என்றால் பள்ளிக்கூடமானாலும் பிள்ளைக் காம்பராவானாலும், இன்று இரவுக்கே திறக்கச் சொல்லுங்கள். நிரந்தரத்துக்கு நாம் கேட்பது, சரியாத நிலத்தில் நம் பேரில் உறுதிப்பத்திரத்தோடு காணி. செக்ரோலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லாப் பட்டியல்களோடும் ஹட்டன் மல்லிகைப்பூ சந்தியில் சேருவோம். அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு. அடையாள அட்டைப் பிரதி இரண்டு வேண்டும். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கே போன் போட்டு, அவர்களின் பேரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குடையை மறக்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது.