மூலத்தைக் கிழிக்காதீர்

தாத்தாவின் 1976ஆம் ஆண்டு அம்பாஸடர், பேரனுக்கு முதல் காராக வாய்க்கிறது. உடனே அறிவுரைகள் குவிகின்றன: டீசல் இஞ்சினை ஏற்று, அலாய் வீல் போடு, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரைத் தரைக்கு இறக்கு. இதற்குப் பெயர் மீட்பாம்! நாம் மறுக்கிறோம்.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் துணிந்தார். தம் சொல்லைச் செருகவில்லை. இங்கும் அதுவே நெறி. 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினை இறக்கி ரீபோர் செய்வதும், துருவைச் சுரண்டித் தகடு பற்றவைப்பதும் பொறுமை கோரும் பணிகள். 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றபின், அசல் உதிரிபாகம் ஒவ்வொன்றும் ஓர் ஏடு.

பிரேக்கைச் செம்மை செய்யட்டும், சீட் பெல்ட் பூட்டட்டும், அவை உரை. இஞ்சினை எறிவதோ மூலத்தைக் கிழிப்பது. தாத்தாவின் கைபட்டுத் தேய்ந்த கியர்த்தண்டும் போய்விட்டால், பேரன் ஓட்டுவது யாருடைய காரை?