கேட்டவர்களே பதிலுக்கு அஞ்சலாமா?

இணையவழிப் பரப்புரை நடத்தும் அமைப்புக்கள் பலவற்றிற்கு ஒரு விந்தையான விருப்பம் உண்டு. மக்கள் திரளாகப் பங்கேற்கவும் வேண்டும். தாம் எண்ணிய பதிலையே அவர்கள் கூறவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

2016 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் இயற்கைச் சூழல் ஆய்வுப் பேரவை, 200 மில்லியன் பவுண் செலவிலான துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சூட்டுமாறு பொதுமக்களை இணையத்தில் அழைத்தது. புகழ்பெற்ற கடலோடி ஒருவரின் பெயர் வருமென அது எதிர்பார்த்திருக்கலாம். முதலிடம் பெற்றதோ 'போட்டி மக்போட்ஃபேஸ்' என்னும் கேலிப்பெயர்! அதற்கு விழுந்த வாக்குகள் 124,109. இரண்டாவது பெயருக்கு அதில் மூன்றிலொரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஆயினும் மே மாதத்தில் கப்பலுக்கு சேர் டேவிட் அட்டன்பரோவின் பெயரே அறிவிக்கப்பட்டது. மக்கள் தேர்ந்த பெயர் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது.

இறுதி முடிவு பேரவையுடையதே என்று விதிகள் கூறியது உண்மைதான். ஆனால் அழைப்பு உரத்த குரலில் ஒலித்தது, விதியோ முணுமுணுத்தது. இதற்குக் கேலி செய்தவர்களைக் குறைகூறுவது எவ்வகையில் நியாயம்? பாலம் கட்டும் பொறியியலாளர் நாளை எந்த வண்டி வருமென்பதை அறியார். எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டுமென்பதை வரையறுத்த பின்னரே கட்டத் தொடங்குகிறார். பேரவை தனக்கு ஏற்புடைய பத்துப் பெயர்களை முன்வைத்து வாக்குக் கேட்டிருக்கலாம். அல்லது வருவது எதுவாயினும் ஏற்பதெனத் துணிந்திருக்கலாம். இரண்டையும் செய்யாது கதவை அகலத் திறந்துவிட்டு, வந்தவர்களைக் கண்டு திகைத்து நின்றது.

2007 இல் கிறீன்பீஸ் அமைப்பும் இதே நிலையை எதிர்கொண்டது. யப்பானின் திமிங்கில வேட்டைக்கு எதிரான பரப்புரையில் திமிங்கிலம் ஒன்றுக்குப் பெயர் கேட்டது. அழகிய பெயர்கள் பல இருக்க, 'மிஸ்டர் ஸ்பிளாஷி பாண்ட்ஸ்' நூற்றுக்கு 78 வாக்குகளை அள்ளியது. அவ்வமைப்பும் முதலில் தயங்கியது. வாக்கெடுப்பை நீடித்துப் பார்த்தது. பின்னர் அப்பெயரையே தன் பரப்புரையின் முகமாக்கிக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் கூனல்முதுகுத் திமிங்கில வேட்டையை யப்பான் நிறுத்திவைத்தது. அதற்கு அரசுகளின் அழுத்தமே முதற்காரணம். ஒரு பெயர் சாதித்ததென்பது மிகை. ஆனால் சிரிக்க வந்தவர்களில் பலர் வேட்டையைப் பற்றியும் அறிந்து சென்றனர்.

பேரவை ஒதுக்கிய பெயரோ அழியவில்லை. 2017 இல் தென்பெருங்கடலின் ஆழ நீரோட்டங்களை அளக்க அந்த நீர்மூழ்கி இறங்கியபோது, எந்தப் பெயரால் மதிப்புக் கெடுமென அஞ்சினார்களோ அதே பெயரே உலகச் செய்திகளின் தலைப்பானது.