நூல்நிலைய வரி எங்கே?

வீட்டு வரி ரசீதை நம்மில் எத்தனை பேர் முழுவதும் படித்துப் பார்க்கிறோம்? மொத்தத் தொகையைக் கவனித்துப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அத்தொகையோடு, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூல்நிலைய வரியும் சேர்ந்து போகிறதென்பதை அறிந்தவர் சொற்பமே. வருஷத்துக்கு 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் குடும்பம், அதன்மேல் 200 ரூபாயை நூல்நிலையத்துக்கென்றே கொடுக்கிறது. அந்தப் பணம் புஸ்தகமாகித் தங்கள் ஊர் நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா என்று அக்குடும்பத்தார் கேட்பதில்லை. கேட்டே தீரவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இவ்வரி ஏதோ ஓர் உத்தியோகஸ்தர் யோசித்து ஜனங்கள் தலையில் சுமத்தியதன்று. சீர்காழியில் பிறந்து, 1924ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையப் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1930ம் வருஷம் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டின் முன் ஒரு மாதிரி நூல்நிலைய மசோதாவை வைத்தார். மறு வருஷம் மன்னார்குடிச் சுற்றுக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புஸ்தகங்கள் போகத் தொடங்கின. எழுத்தறிந்தவர் சிறுபான்மையாயிருந்த அந்நாளில் வண்டியை எதிர்பார்த்துக் கிராமத்தார் காத்திருந்தனர் என்றால், படிக்கும் ஆசை இந்நாட்டு ஜனங்களுக்கு இல்லையென்று எவர் சொல்லத் துணிவார்? இம்முயற்சிகளெல்லாம் சேர்ந்தே 1948ம் வருஷத்துச் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டமாகப் பலித்தன. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதற் சட்டம் அதுவே. வருஷந்தோறும் நிதி மந்திரியின் தயவை எதிர்பார்த்து நூல்நிலையங்கள் நிற்கலாகாது, அவற்றுக்கென்று தனி வருமானமும் தனிப் பையும் வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி.

ஆனால் பையை நிரப்புகிறவர் வேறு, அதிலிருந்து செலவிடுகிறவர் வேறு. வீட்டு வரியுடன் சேர்த்து நூல்நிலைய வரியை வசூலிப்பவை நகரசபை முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள். வசூலித்ததை ஸ்தல நூலக ஆணைக்குழுவிடம் அவை செலுத்திவிட வேண்டும். ஓட்டை இங்கேதான். பல நகரசபைகளும் மாநகராட்சிகளும் வசூலித்த பணத்தை உடனுக்குடன் செலுத்தாமல், கோடிக்கணக்கில் பாக்கி வைத்துவந்திருக்கின்றன. தணிக்கை அதிகாரிகள் இதை எடுத்துக் காட்டியதுண்டு. பத்திரிகைகளும் எழுதியதுண்டு. பாக்கியில் ஒரு பகுதி வருவதும், மறுபடி பாக்கி ஏறுவதுமே வழக்கமாகிவிட்டது.

நகரசபைகள் என்ன சமாதானம் சொல்கின்றன? சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் சம்பளத்துக்கும் பணம் போதவில்லையாம். அவற்றின் கஷ்டம் உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் கோயில் உண்டியலை எடுத்துத் தன் வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்கியவன், தன் வீடு ஒழுகுவதைக் காட்டி நியாயம் பேசமுடியுமா? நூல்நிலைய வரி நகரசபையின் வருமானமன்று. அதன் கையில் ஒப்படைக்கப்பட்ட பிறர் பணம்.

இதன் பலனை அனுபவிப்பவர் யார்? தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூல்நிலையங்கள் இருக்கின்றன. ஜில்லாத் தலைநகரங்களில் இருப்பவை கைவிரலால் எண்ணத்தக்கவை. எஞ்சியவை கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களுமே. காலையில் போய்ப் பார்த்தால் அங்கே இருவகையினரைக் காணலாம்: பத்திரிகை படிக்க வந்த முதியவர்கள், சர்க்கார் பரீட்சைக்குத் தயார் செய்யும் இளைஞர்கள். பட்டணத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்ட வழியில்லாத கூலிக்காரன் மகளுக்கு அந்த மேஜையும் மின்விசிறியுமே கலாசாலை. அவள் கையில் பழைய பதிப்பை வைத்துவிட்டுப் புதிய பாடத்திட்டத்தில் கேள்வி கேட்டால், அது தகுதியைச் சோதிப்பதாகுமா? ஆணைக்குழுவின் கையில் பணமில்லாதபோது முதலில் குறைவது புதுப் புஸ்தகக் கொள்முதல்; தமிழ்ப் பதிப்பாளரும் எழுத்தாளரும் அதனால் அடையும் நஷ்டம் தனிக் கதை.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010லும், மதுரையில் 2023லும் பெரிய நூல்நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றை நாம் வரவேற்கிறோம். கோட்டூர்புரம் நூல்நிலையத்தைக் குழந்தைகள் வைத்தியசாலையாக மாற்றப்போவதாக 2011ல் சர்க்கார் அறிவித்தபோது, எழுத்தாளரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். ஐகோர்ட்டும் தடை விதித்தது. மாளிகைக்கு ஆபத்தென்றால் பட்டணம் விழித்துக்கொள்கிறது. வாடகைக் கட்டடத்தில் மழைநீர் சொட்டும் கிளை நூலகத்துக்காகக் கிளர்ந்தெழுகிறவர் யார்? அது ஒருநாளில் இடிக்கப்படுவதில்லை. வருஷத்துக்கு ஓர் அலமாரியாக மெல்லத் தேய்கிறது. ஆகவே செய்தியாவதில்லை.

தேசத்தொண்டர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. மகாநாடும் ஊர்வலமும் இதற்கு வேண்டாம். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எந்தப் பிரஜையும் தன் நகரசபைக்கு மனுப்போடலாம். சென்ற ஐந்து வருஷங்களில் நூல்நிலைய வரியாக வசூலித்தது எவ்வளவு? ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில்? இவ்விரண்டு கேள்விகள் போதும். வரும் பதிலை நூல்நிலைய வாசற்பலகையில் ஒட்டிவிட்டு, அடுத்த வரவு செலவுக் கூட்டத்துக்கு முன்னால் வார்டு அங்கத்தினரை அங்கே ஒருமுறை அழைத்துக்கொண்டு போகட்டும்.